சின்ன நாடான போர்ச்சுகல் எப்படி முதலில் கடலில் இறங்கியது?

நிலப்பிரபுத்துவம், அதாவது பிரபுக்கள் நிலத்தையும் உழவர்களையும் கட்டுப்படுத்திய பழைய அமைப்பு, ஒழிந்த பிறகுதான் கடற்பயணம் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் போர்ச்சுகலில் அந்தப் பழைய அமைப்பே கப்பலுக்கும் பணம் கொடுத்தது.

1348-ல் வந்த கொள்ளைநோயில் ஏராளமானோர் மடிந்தார்கள். உழ ஆளில்லை, கூலி ஏறியது. 1375-ல் அரசர் சட்டம் போட்டு ஆட்களை நிலத்தில் கட்டிவைக்கப் பார்த்தார். அப்புறம் 1385-ல் லிஸ்பன் வணிகர்களின் ஆதரவோடு முதலாம் ஜொவாவோ அரசரானார். பிரபுக்களுக்குப் போர்ப் புகழ் வேண்டும், வணிகர்களுக்குச் சந்தை வேண்டும். 1415-ல் மொராக்கோ கரையிலுள்ள செயூட்டாவைப் பிடித்ததில் இரண்டு ஆசையும் சேர்ந்தன.

ஜொவாவோவின் மகன் இளவரசர் ஹென்றி, கிறிஸ்து சபை என்ற வீரத்துறவியர் அமைப்பின் நிர்வாகி. அதன் நில வருமானம் ஆப்பிரிக்கக் கரையோரப் பயணங்களுக்குப் போனது. 1444-ல் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கிப் பங்கு பிரித்தார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும்கூடப் பிரித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு ஹென்றிக்கு.