நூலை விடாதீர்கள், போனைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 2. மகன் வயிற்றில் இருந்தபோது குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) கற்றுக்கொண்டேன். அப்போது ஆன்லைனில் ஆறேழு தோழிகள் கிடைத்தார்கள். எல்லாரும் என்னைப் போலக் கைவேலை செய்யும் அம்மாக்கள். இதுவரை ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. குழந்தைகள் தூங்கியதும் தினமும் அரைமணி நேரமாவது அவர்களோடு பேசினால்தான் எனக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும். என் கணவர் நல்லவர். ஆனால், "கையில் எப்போதும் நூல், கண்ணில் எப்போதும் போன். முகம் தெரியாதவர்களுக்கு இருக்கிற இடம் எங்களுக்கு இல்லையா?" என்கிறார். போன வாரம் ஒரு தோழியின் குழந்தைக்காகப் பின்னி முடித்த முயல் பொம்மையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அம்மா, என் போர்வை எப்போ முடியும்?" என்று கேட்டாள். அவளுக்காகத் தொடங்கிய போர்வை ஒரு வருடமாக அலமாரியில் பாதியில் கிடக்கிறது. இதற்கிடையில் அடுத்த மாதப் பரிசுப் பரிமாற்றத்துக்கு இன்னொரு பொம்மையும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தோழிகளில் எனக்கு மிகவும் நெருக்கமானவள் இரண்டு மாதமாகப் பதிலே போடவில்லை. அவளிடம் நான் சொல்லாத விஷயமே கிடையாது. அழுகையாக வருகிறது. 'இதற்குப் போயா?' என்பார்களோ என்று வீட்டில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குடும்பத்தைப் பார்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். உங்கள் கடைசி வரியைப் படித்தால் பாதி முடிவு எடுத்துவிட்டவர் போலத் தெரிகிறீர்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். குற்ற உணர்ச்சியில் எடுக்கும் முடிவு நிலைக்காது. கொஞ்ச நாள் ஊசியைத் தொடாமல் இருப்பீர்கள். பிறகு ஒளித்து வைத்துப் பின்னுவீர்கள், அல்லது விட்டுக்கொடுத்த ஆதங்கம் எங்கோ ஒரு சின்ன விஷயத்தில் கணவர் மேல் வெடிக்கும். இரண்டுமே அந்த வீட்டுக்கு நல்லதில்லை.

கைவேலை உங்களுக்கு என்ன தருகிறது என்பதையும் குறைத்து எடைபோடாதீர்கள். 2013-ல் ஜில் ரைலி என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பல நாடுகளில் பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். மற்றவர்களோடு சேர்ந்து பின்னுகிறவர்கள், மனிதர்களோடு பழகுவதும் பேசுவதும் தங்களுக்கு எளிதானதாகச் சொன்னார்கள். அவர்கள் பின்னியது இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங், நீங்கள் பின்னுவது குரோஷே. ஆனாலும் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. துவைத்த துணி மறுபடி அழுக்காகிறது, கழுவிய பாத்திரம் மறுபடி சேர்கிறது. பின்னிய ஒரு வரிசை மட்டும்தான் மறுநாளும் அப்படியே இருக்கிறது.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் இரண்டு விஷயத்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டார், நீங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். கையில் நூல் இருப்பது வேறு, கண்ணில் போன் இருப்பது வேறு.

மூன்று வருடம் பழகிய கை, சிங்கிள் குரோஷே என்ற அடிப்படை ஸ்டிச் வரிசையைப் பார்க்காமலேயே போட்டுவிடும். காது உங்களிடம் இருக்கிறது, வாய் இருக்கிறது, நிமிர்ந்து பார்க்கக் கண் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லும்போது "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே பின்னலாம். சின்னவன் ஓடி வந்தால் ஊசியில் இருக்கும் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து விட்டுவிட்டு அவனைத் தூக்கலாம், ஒன்றும் அவிழாது. போன் அப்படி விடுவதில்லை. ஒரு செய்திக்குப் பதில் எழுதும்போது கண், விரல், மனசு எல்லாமே அங்கே போய்விடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் உச்சந்தலைதான் மிச்சம்.

"பேட்டர்ன், அதாவது பின்னும் முறைக் குறிப்பு, போனில்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். ஆமாம், வினையே அங்கேதான். எத்தனையாவது சுற்று என்று பார்க்கத்தான் போனை எடுக்கிறோம். அங்கே தோழியின் செய்தி வந்து நிற்கிறது. அதற்குப் பதில் போடுகிறோம், கையோடு பின்னியதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறோம், அதற்கு வரும் பாராட்டைப் படிக்கிறோம். சுற்று எது என்பது மறந்தே போய்விடுகிறது. அதனால் என் முதல் யோசனை: ஒரு நோட்டு போடுங்கள். பேட்டர்னை உங்கள் கையால் அதில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் அமிகுருமி, அதாவது குரோஷே பொம்மைகளின் தலை பெரும்பாலும் சுற்றுக்குச் சுற்று 6, 12, 18, 24 ஸ்டிச் என்றுதானே ஏறிக்கொண்டு போகிறது? ஒரு பொம்மை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எழுதும்போது அது அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று மேலே குறித்துவையுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்கிறார்கள். பிறகு நோட்டை மட்டும் பார்த்துப் பின்னும்போது குழம்பக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். யார் நடுவில் கூப்பிட்டாலும் எண்ணிக்கை தப்பாது.

மகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து பிள்ளைகள் தூங்கும்வரை போன் வேறு அறையில் இருக்கட்டும். நூலும் நோட்டும் கூடத்தில் இருக்கட்டும். தோழிகளுக்கான அரைமணி நேரம், இப்போது இருப்பது போலவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு. அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது கணவருக்குத் தெரிந்திருக்கட்டும். முடிவு தெரியாத காத்திருப்புதான் மனிதர்களை எரிச்சலூட்டுகிறது.

மகளின் கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது. அவள் சண்டை போடவில்லை. "எப்போ முடியும்?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வருடம் பொறுத்துக் கேட்டிருக்கிறாள்.

அவள் மேல் அன்பு குறைந்ததால் போர்வை கிடக்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது. முயல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முடிந்த அன்றே ஆறு பேர் கொண்டாடுவார்கள், வாங்கிக்கொள்ளும் குழந்தையின் சிரிப்பு போட்டோவாக வரும். சதுரம் சதுரமாகப் பின்னிச் சேர்க்கும் போர்வைக்கு அது கிடையாது. நாற்பதாவது சதுரமும் முதல் சதுரம் போலவேதான் இருக்கும், அதை யாருக்கு அனுப்பிக் காட்டுவது? பாராட்டு சீக்கிரம் வரும் பக்கம் கை சாய்வது இயல்புதான். ஆனால் 9 வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் புரியாது. யாருடையது முடிந்தது, யாருடையது முடியவில்லை என்று மட்டும்தான் அவள் பார்ப்பாள்.

இன்றைக்கே அதை அலமாரியிலிருந்து எடுங்கள். அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவளிடம் கேளுங்கள்: இந்த நிறம் இன்னும் பிடிக்கிறதா? 8 வயதில் தேர்ந்தெடுத்த நிறம் 9 வயதில் அலுத்திருக்கலாம். பிடிக்கவில்லை என்றால், இருப்பதைப் பிரிக்காமல், மிச்சத்துக்கும் ஓரத்துக்கும் அவள் இப்போது கேட்கும் நிறத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு தொடங்கும்போது இரண்டு சிக்கல் வரும். ஒன்று, உங்கள் கையின் இறுக்கம் மாறியிருக்கும். அதே ஊசியில் புதிதாக ஒரு சதுரம் போட்டுப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். புதியது பெரிதாக வந்தால் அரை மில்லிமீட்டர் சின்ன ஊசிக்கு மாறுங்கள், சின்னதாக வந்தால் பெரிய ஊசிக்கு. போர்வையோடு இருந்த ஊசியை வேறு வேலைக்கு எடுத்து, அது எந்த அளவு என்பதே மறந்திருந்தாலும் இதே வழிதான், சதுரம் பொருந்தும்வரை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது நூல். அதே நிறத்தைத் தேடி வாங்கினாலும் லேபிளில் லாட் எண் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண்) வேறாக இருந்தால் சாயம் லேசாக வித்தியாசப்படும். புதுச் சதுரங்களை ஒரே பக்கமாகச் சேர்த்தால் அது பளிச்சென்று தெரியும். பழையதையும் புதியதையும் கலந்து வைத்து இணைத்தால் கண்ணில் படாது.

அவளுக்கு ஒரு தேதி சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். முழுப் போர்வை அந்தத் தேதிக்குள் முடியாது என்று தோன்றினால் அளவைக் குறையுங்கள். இதுவரை முடித்த சதுரங்களை இணைத்து, சுற்றிலும் ஓரம் கட்டி, மடியில் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கொடுத்துவிடுங்கள். ஓரத்தைப் பிரித்துவிட்டு மேலும் சதுரங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், குரோஷேயில் அந்த வசதி இருக்கிறது. அவளுக்கு விருப்பம் இருந்தால் செயின் (சங்கிலி போல வரும் எளிய பின்னல்) போடச் சொல்லிக் கொடுங்கள், 9 வயதுக் கைக்கு அது வரும். விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். போர்வையோடு அவளைப் போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்ப ஆசையாக இருக்கும். அவளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நடுவில் ஒன்று. அந்த முயல் போகிற வீட்டுக் குழந்தைக்கு 3 வயது ஆகவில்லையென்றால் அதில் பிளாஸ்டிக் கண் இருக்கக் கூடாது. 'சேஃப்டி ஐ' என்று விற்றாலும், பின்னலில் இடைவெளி விழுந்தால் பிடுங்கிக்கொண்டு வரும், வாய்க்குள் போகும். வைத்திருந்தால் எடுத்துவிட்டு நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். உங்கள் சின்னவனுக்குச் செய்யும்போதும் அப்படியே.

இனி, பதில் போடாத தோழி. இதற்காக அழுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, சகோதரி. உங்களுக்கு நடந்திருப்பது இழப்புதான். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர், நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து 2018-ல் எழுதினார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். தினமும் அரைமணி என்று மூன்று வருடத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்கள், 500 மணி நேரத்தைத் தாண்டுகிறது. எழுத்தில் பேசும் ஒரு மணி நேரம் நேரில் பேசும் ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது என்று யாராவது சொன்னால், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவள் உங்கள் நெருங்கிய தோழிதான்.

எழுத்து நட்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஜோசஃப் வால்தர் என்பவர் 1996-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதும்போது யோசித்து, தேர்ந்தெடுத்து, நம்மில் நல்லதைக் காட்டுகிறோம். படிப்பவரும் தெரியாத இடங்களையெல்லாம் நல்லபடியாகவே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறார். அதனால் நேரில் பழகுவதைவிட வேகமாக நெருக்கம் வந்துவிடுவது உண்டு. அவள் உங்களிடம் நடித்தாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவளைச் சுற்றி ஒரு வீடு இருக்கிறது, அதில் உங்களுக்குத் தெரியாத அறைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம், அவளும் உங்களைப் போலவே 'எல்லாவற்றையும் விட்டுவிடுவோம்' என்று முடிவெடுத்திருக்கலாம். உங்கள் மேல் கோபம் என்பது அந்தப் பல காரணங்களில் ஒன்று. இரவில் தனியாக யோசிக்கும்போது அது ஒன்றுதான் நம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் கேள்வி இருக்கக் கூடாது. "உன்னை நினைத்துக்கொண்டேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை. எப்போது வந்தாலும் பேசலாம்." இவ்வளவு போதும். அவள் படித்தாளா என்று திறந்து திறந்து பார்க்காதீர்கள். மற்றத் தோழிகளிடம் அவளைப் பற்றித் துருவவும் வேண்டாம். அவள் விலகி இருக்க விரும்பினால் அந்த உரிமையை அவளுக்குக் கொடுங்கள்.

உங்கள் அழுகையைக் கணவரிடம் சொல்லுங்கள். "அவளிடம் நான் சொல்லாத விஷயமே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கணவரிடம் சொல்லாதவை எத்தனை? அவருடைய கோபம் நூல் மேலும் இல்லை, போன் மேலும் இல்லை என்று நினைக்கிறேன். தன் மனைவியின் மனசு எங்கோ பேசிக்கொண்டிருக்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்பதுதான் அவர் குறை. "முகம் தெரியாதவர்கள்" என்று அவர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, அவர்களை நீங்கள் அவருக்கு அறிமுகப்படுத்தவே இல்லை. யாருக்கு இரட்டைக் குழந்தைகள், யார் ராத்திரி வேலைக்குப் போகிறார், யார் உங்களுக்கு முதன்முதலில் மேஜிக் ரிங் (பொம்மையைத் தொடங்கும் நூல் வளையம்) போடச் சொல்லிக் கொடுத்தார் என்றெல்லாம் சொல்லுங்கள். ஒரு நாள் வீடியோவில் பேசும்போது அவரையும் கூப்பிட்டு ஒரு வணக்கம் சொல்ல வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல இவர்களைப் பற்றியும் உங்கள் வீட்டில் பேச்சு வரட்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அடுத்த மாதப் பரிசுப் பரிமாற்றம். இந்த முறை அதிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். "மகளின் போர்வையை முடித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த முறை சேர்ந்துகொள்கிறேன்" என்று எழுதினால் போதும். அவர்களும் அம்மாக்கள்தான், இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். இதை இன்றே எழுதிவிடுங்கள். நாள் நெருங்கிய பிறகு சொன்னால், உங்களோடு ஜோடி சேர்த்திருப்பவர் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.