வீட்டில் படிக்கும் மகளுக்கு எந்த வரலாறு?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வரலாற்றுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் ஐயா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உடனே எதையும் வாங்க வேண்டாம் அம்மா. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 9, 10-ஆம் வகுப்பு சமூக அறிவியல் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காலவரிசை பிடிபட அவை போதும்.

ஆனால் பாடநூல் முடிவைத்தான் சொல்லும், ஆதாரத்தைக் காட்டாது. வரலாற்று ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வயதில் ஆதாரத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 2-ஆம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அதில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடல் பணிக்கு அமர்த்தப்பட்ட பெண்களின், பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு, எல்லாம் இருக்கிறது. அந்த நெல்லை விளைவித்தவர் பெயர் ஏன் இல்லை என்று அவளே கேட்பாள். கேட்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

அப்புறம் தரங்கம்பாடி. டேனியர்கள் 1620-இல் கோட்டை கட்டத் தொடங்கி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற ஊர். நேரில் பார்க்கட்டும். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகமும், 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட 1968 கீழ்வெண்மணியும் கட்டாயம் வேண்டும். சின்னப் பெண் என்று மறைக்காதீர்கள்.

சரித்திர நாவல்களை ஆசைக்குப் படிக்கட்டும். பாடமாக வைக்க வேண்டாம்.

சான்றிதழுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்தாலே பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்.