பாப்பாவுக்கு ஏஐயா, ட்ரிபிள் ஈயா?

அண்ணா, வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு பாப்பாவின் கட்-ஆஃப் 200-க்கு 168. அவள் ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் கேட்கிறாள். நீங்களோ ஏஐ – டேட்டா சயின்ஸ் (செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்) பிரிவுதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அரசு கவுன்சிலிங்கில் சீட் கிடைக்காவிட்டால் பட்டறைப் பத்திரத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடலாம் என்கிறீர்கள். "இனிமே கம்ப்யூட்டர் படிச்சாத்தான் சோறு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பிரிவின் பெயரைப் பார்த்துச் சேர்த்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். 2010-க்குப் பிறகு சில வருடங்கள் மெக்கானிக்கலுக்கு அப்படியொரு அடிதடி. அன்று சீட்டுக்காக என்னைத் தேடி வந்த அப்பாக்களில் சிலர், நான்கு வருடம் கழித்து அதே பிள்ளைக்கு வேலை கேட்டு வந்தார்கள். இப்போது கூட்டம் கம்ப்யூட்டர் பக்கம் நிற்கிறது. ஆனால் 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ என்ற மூன்று பெரிய ஐ.டி. கம்பெனிகளிலுமே ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. கம்ப்யூட்டர் படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. இன்று சேரும் பிள்ளை வெளியே வர நான்கு வருடம் ஆகும். அன்றைய வேலைச் சந்தையை இன்றைய கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் ஓட்டும் பழைய கடைசல் இயந்திரமான லேத்தை ஓரம்கட்டி, புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் வாங்கியபோது, இருந்த ஆளை வைத்தேதான் ஓட்டினீர்கள். மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சில நாள் புரோகிராம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் ஆள் அதைப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் டூல் வெட்டும் சத்தத்தை வைத்தே ஃபீட் (டூல் நகரும் வேகம்) அதிகம் என்று சொல்லக்கூடிய காது அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அந்தக் காது வர எத்தனை வருடம் ஆனது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாப்பாவுக்கும் இந்த நான்கு வருடத்தில் அப்படியொன்று கைகூட வேண்டும். புதுப்புது புரோகிராம்களை அதன்மேல் ஏற்றிக்கொண்டே போகலாம்.

அது அவளுக்கு எதில் வரும்? போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே: ஹால் ஃபேன் நின்றபோது கண்டென்சரைக் கழற்றிப் புதிதாக மாட்டியது அவள்தான் என்று. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அவளிடம் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள். இப்போது வருகிற, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேனில் அந்தக் கண்டென்சரே கிடையாது. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு சின்ன போர்டு இருக்கிறது. அதில் ஓடும் புரோகிராம்தான் எந்தக் காயிலுக்கு எப்போது கரன்ட் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது சுமார் 30 வாட்டில் சுற்றுகிறது. ஏன் என்று அவள் குடையத் தொடங்கினால், ட்ரிபிள் ஈ தாராளமாகப் படிக்கட்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓட்டுவதும் இதே மாதிரி மோட்டார்தான். சோலார் பம்புக்கும் இப்படியொரு கன்ட்ரோலர் வேண்டும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பம்பும் மோட்டாரும் போடும் சோற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வெறும் ட்ரிபிள் ஈ டிகிரி போதாது, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல கல்லூரிகளில் பழைய மோட்டாரைச் சுற்றவிட்டு, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்குவதோடு லேப் முடிந்துவிடுகிறது. முதல் வருடமே அவள் சி என்ற புரோகிராம் லாங்குவேஜை ஒழுங்காகக் கற்க வேண்டும். அப்புறம் எம்பெடட் (அந்த ஃபேன் போர்டு மாதிரி கருவிக்குள் ஓடும் புரோகிராம்), பவர் எலெக்ட்ரானிக்ஸ் (மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்). ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழுக்குப் பரீட்சை எழுதினால்தான் கட்டணம். தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரி வழியாகவே திறன் பயிற்சி கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதி), கூடுதலாக 18 கிரெடிட்டுக்குப் பாடங்கள் எடுத்தால் வேறொரு துறையில் மைனர் டிகிரி, அதாவது துணைப் பட்டம், வாங்க முடிந்தது. அவள் சேரும்போதுள்ள விதியிலும் அது இருந்தால், உங்கள் ஆசைக்கு டேட்டா பக்கமும் அவள் அப்படி ஒரு கால் வைத்துக்கொள்ளலாமே. சேரும் கல்லூரியில் அதை உண்மையிலேயே நடத்துகிறார்களா, எந்தெந்தத் துறையில் நடத்துகிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை. கேட்டில் தொங்கும் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' பேனரைப் பார்க்காதீர்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை மூன்றாக எண்ணிப் போடுவதும் உண்டு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், அதற்குக் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் (மீடியன்) என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மொத்தக் கல்லூரிக்கான கணக்கு அது. துறைவாரியாக நேரில்தான் கேட்க வேண்டும். நேரில் போகும்போது லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷின்மேல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருந்தால் அங்கே யாரும் அதைத் தொடுவதில்லை என்று அர்த்தம். வராந்தாவில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளையிடம் "இந்த செமஸ்டரில் நீயே செய்தது என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலுக்கு நான் எந்த பிரோஷரைவிடவும் மதிப்புக் கொடுப்பேன்.

ஏஐ பிரிவுக்கு நான் எதிரி இல்லை. கணக்கில் ஊறிய பிள்ளை, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் சேர்ந்தால் அருமையான படிப்பு. ஆனால் அந்தப் பிரிவே நம் கல்லூரிகளுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. சில இடங்களில் போர்டு மட்டும்தான் புதிது. அதற்காகப் பட்டறையை அடகு வைக்க வேண்டாம், அண்ணா.

கவுன்சிலிங்கில் கல்லூரி விருப்பப் பட்டியல் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குவதற்குள் மூன்று கல்லூரியாவது பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பட்டியலை அவளே எழுதட்டும். ட்ரிபிள் ஈ, ஈ.சி.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டும் கலந்து, லேப் பிடித்த கல்லூரியை மேலே வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள், வரிசையை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.