இறங்கும் வேளையில் சிறிய ரக விமானத்தின் சக்கரம் பூட்டிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு (தூத்துக்குடி விமான நிலையம்) ஏடிஆர் என்னும் சிறிய விசிறி விமானத்தில் வருவோர், இறக்கைக்கு அருகில் சன்னலோரம் அமர்ந்திருந்தால், தரையிறங்கச் சற்று முன்பு உடற்பகுதியின் அடியிலிருந்து சக்கரங்கள் வெளிவந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவை முழுமையாகப் பூட்டிக்கொண்டன என்பதை விமானி அறைக்குச் சொல்பவை மூன்று பச்சை விளக்குகள். சக்கரங்களை இயக்கும் எண்ணெய் அழுத்தம் பழுதானாலும், தம் சொந்த எடையாலேயே சக்கரங்கள் கீழிறங்க மாற்று ஏற்பாடு உண்டு.

ஆனால் உடைந்த பாகத்துக்கு மாற்று ஏற்பாடு உதவாது. 2007 செப்டம்பர் 9 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் இறங்கிய, அதே போன்ற விசிறி விமானமான டேஷ் 8-இன் வலது சக்கரத் தண்டு ஓடுதளத்திலேயே மடங்கியது. சுழலும் விசிறி தரையில் மோதிச் சிதறி, அதன் துண்டு பயணிகள் இருந்த பகுதிக்குள்ளேயே பாய்ந்தது. பூட்டு விழவில்லை என்று முன்பே அறிந்த பணியாளர்கள், விசிறிக்கு நேரே இருந்த பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றியிருந்ததால் 73 பேரும் உயிர் தப்பினர். அந்த முன்யோசனையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

காரணம், சக்கரத்தை இயக்கும் தண்டின் மரைப்பகுதியில் ஏற்பட்ட அரிப்பு. நம் கிணற்று மோட்டாரைக் கழற்றும்போது, வெளியே நன்றாகத் தெரிந்த போல்ட்டின் மரை உள்ளே பொடிப்பொடியாக உதிருமே, ஏறத்தாழ அதே நிலைதான். மேலோட்டமாகப் பார்த்தால் அது தெரியாது. பாகத்தைப் பிரித்துத்தான் சோதிக்க வேண்டும்.

அத்தகைய தரையிறக்கத்தில் பயணி செய்யக்கூடியது, பணியாளர் சொல்லும் இருக்கைக்கு மறுக்காமல் மாறுவதும், வெளியேறும்போது பையை எடுக்காமல் விட்டுவிடுவதும்தான்.