சுரங்க ரயிலும் சுன்னாகக் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: மகள் அமெரிக்காவில் இருக்கிறா. கொலராடோவில் டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்குப் போகும் பழைய சுரங்க ரயிலில் கூட்டிப் போகிறாவாம். எந்தப் பக்கம் இருந்தால் நல்லது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். அனிமாஸ் ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும். வெள்ளித் தாதுவையும் பொன் தாதுவையும் மலையிலிருந்து இறக்க 1882இல் போட்ட பாதை. நீளம் 72 கிலோமீற்றர். தண்டவாள இடைவெளி 914 மில்லிமீற்றர்தான். யாழ்தேவி ஓடும் பாதையில் 1676. இடைவெளி குறைந்தால் வளைவை இறுக்கிப் போடலாம், பாறை வெட்டும் செலவும் குறையும். இன்று பயணிகள் வாய்பிளந்து பார்க்கும் மலை விளிம்பு வளைவுகள் எல்லாம் அந்தச் சிக்கனத்தில் வந்தவை. போய்ச் சேர மூன்றரை மணித்தியாலம். சில்வர்ட்டன் 2840 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பீதுருதாலகாலவைவிட மேலே. மூச்சு வாங்கும். இதய வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டு டிக்கெற் எடுங்கள்.

கேள்வி: தீப்பொறியால் காடு பற்றாதா?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: கரி எஞ்சினில் அந்த ஆபத்து உண்டு, தணல் புகைபோக்கியால் பறக்கும். 2018இல் அந்தப் பாதையோரக் காடு பெருமளவில் எரிந்தது. அதன்பின் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கினார்கள்.

கேள்வி: காங்கேசன்துறைப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடவிட்டால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரிவருமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அப்படியே ஊற்றினால் சரிவராது. உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். நீராவி போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். சில்வர்ட்டன் எஞ்சின் போய்வர ஏறத்தாழ 38,000 லீற்றர் குடிக்கிறது. லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரென்றால் ஒரே பயணத்தில் 11 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு உள்ளே போகும். அது குழாய்களில் ஓடாகப் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். தண்ணீர் தொடாத இரும்பு சூடேறி, இளகி, புடைத்து ஒழுகும்.

பரிகாரம் உண்டு. தண்ணீரில் அளவாகச் சலவைச் சோடா சேர்த்தால் சுண்ணாம்பு ஓடாகாமல் சேறாக அடியில் இறங்கும். அதை அடி வால்வைத் திறந்து வெளியே அடிக்க வேண்டும். குறித்த நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவவும் வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு பச்சைத் தண்ணீர் பாய்ச்சினால் தகடு வெடிக்கும், முதலில் ஆறவிடுங்கள்.

இன்னொன்று, நீர்மட்டம். கொதிகலனின் பின்பக்கம் நெருப்பு எரியும் பெட்டியின் கூரை எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மலைப்பாதையில் ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் தண்ணீர் முன்பக்கம் ஓடிக் கூரை வெளியே தெரியலாம். ஆகவே உச்சிக்கு வருமுன்பே மட்டத்தை உயர்த்தி வைப்பார்கள். தவறினால், பல எஞ்சின்களில் கூரையில் பொருத்தியிருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின்மேல் பீறிட்டு ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பாதை சமதரையென்பதால் அந்த உச்சித் தொல்லை இல்லை. சுண்ணாம்புத் தொல்லைதான் பெரிது.