பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே ஹாலா? முதலில் நேரத்தைப் பிரியுங்கள்

கேள்வி: மகளுக்கு முதல் பிறந்தநாள். மினி ஹாலில் நூறு பேர். கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், 75 வயது தாண்டிய பெரியவர்கள் என எல்லாரும் வருவார்கள். "எல்லா வயதுக்கும் பொழுதுபோக்கு" என்று ஒருவர் பேக்கேஜ் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை பொழுதுபோக்கு இல்லை, நேரக்கணக்கு. அழைப்பிதழில் ஆறரை என்று போடுகிறோம், கூட்டம் ஏழரைக்கு வருகிறது, கேக் வெட்டும்போது எட்டரை. பிறந்தநாள் குழந்தை அப்போது தூக்கத்துக்கு அழுகிறது. சர்க்கரை மாத்திரை போட்ட தாத்தா பசியோடு உட்கார்ந்திருக்கிறார். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டு, வந்தவர்களை வைத்து ஆறேகாலுக்கே கேக்கை வெட்டிவிடுங்கள். ஆறே முக்காலுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு காரம் குறைத்த சாப்பாடு, ஏழே காலுக்குப் பெரியவர்களின் பந்தி. மற்றவர்கள் அப்புறம் சாப்பிடட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் போட்டோ எடுக்கும் வேலையைக் கொடுத்தால் போதும்.

பேக்கேஜ்காரரிடம் முதலில் பலூனைப் பற்றிக் கேளுங்கள். மிதக்கும் பலூனுக்கு வேண்டிய ஹீலியம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை அதிகம். அதனால் "ஹீலியம்" என்று பில் போட்டு ஹைட்ரஜனை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மெழுகுவர்த்தி அருகே போனால் குப்பென்று பற்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பம்பில் காற்றடித்து நூலில் கட்டிய பலூன் போதும். அதிலும் வெடித்த ரப்பர் துண்டை உடனே பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள். தவழும் குழந்தை அதை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். திரவ நைட்ரஜனில் தோய்த்துத் தரும் "புகை பிஸ்கட்" கவுன்ட்டரும் வேண்டாம். கர்நாடகத்தின் தாவணகெரேயில் அதைச் சாப்பிட்டுத் துடித்த சிறுவனின் வீடியோ பரவிய பிறகு, 2024-இல் நம் உணவுப் பாதுகாப்புத் துறையே திரவ நைட்ரஜன் குறித்து எச்சரித்தது. ஆனால் விசேஷ வீட்டுக்குள் வந்து சிலிண்டரைப் பார்ப்பவர் யார்? விபத்து நடந்த பிறகுதான் எல்லாரும் ஓடி வருகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் பேக்கேஜுக்குச் சரி சொல்லலாம்: வெளிச் சமையலை அனுமதிக்காத ஹால். அங்கே வேறு வழி இல்லை. அப்போதும் சாப்பாட்டை மட்டும் எடுங்கள். குறைந்தபட்சம் எத்தனை இலைக்குக் காசு, ஐந்து வயதுக்குக் கீழே அரைக் கணக்கா முழுக் கணக்கா, மிஞ்சினால் யாருக்கு, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். இலையை எண்ண உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பந்தியில் நிற்கட்டும்; அவர்கள் ஆள் எண்ணினால் எண்பது நூற்றிப்பத்து ஆகும். அலங்காரம், மேஜிக், இசை இவற்றை அதே ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றிலும் தரகு போகும்.

ஸ்பீக்கரைப் பெரியவர்கள் உட்காரும் வரிசையிலிருந்து தள்ளி வையுங்கள். காதுக்கருவி போட்டவருக்கு அந்தச் சத்தம் வேதனை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. ஏழு மணிக்கு மூடிய ஹாலுக்குள் காது கிழிந்தால் கேட்க நாதியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று, மினி ஹால் இன்னும் மாடியில்தான், லிஃப்ட் "ரிப்பேர்". முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே போய் லிஃப்டில் ஏறிப் பாருங்கள். மேற்கத்தியக் கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா என்றும் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.