ஒற்றைச் சக்கரத்துக்கு எந்த டயர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய 16 அங்குல எலெக்ட்ரிக் யூனிசைக்கிளின் (ஒற்றைச் சக்கரத்தில் நின்றபடி ஓட்டும் மின்வண்டி) டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது. உதிரிபாகக் கடையில் 16 அங்குல டயர் கேட்டபோது டிவிஎஸ் எக்ஸ்எல் டயரை எடுத்துக் கொடுத்தார்கள். அது ரிம்மைவிட மிகப் பெரியதாக இருந்தது. சிறுவர் சைக்கிள் டயர் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடைக்காரர் மீது தவறில்லை. மொபெட், மோட்டார் சைக்கிள் டயர்களில் கடைசியாக வரும் எண் ரிம்மின் விட்டம். எக்ஸ்எல் வண்டியின் 2.50-16 டயர், ஏறத்தாழ 406 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. யூனிசைக்கிளில் 16 x 2.125 என்று எழுதியிருந்தால், அந்த 16 என்பது காற்றடித்த டயரின் தோராயமான வெளிவிட்டம் மட்டுமே. ரிம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. ஆகவே பழைய டயரின் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அங்குலக் கணக்குக்கு அருகில் 57-305 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 16 x 1 3/8 என்ற சைக்கிள் டயருக்கும் பெயரளவில் 16 அங்குலம்தான், ஆனால் அதன் ரிம் விட்டம் 349. எனவே கடையில் அங்குலத்தைச் சொல்லாமல் 305 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

57-305 என்று அச்சிட்ட சிறுவர் சைக்கிள் டயர் உங்கள் ரிம்மில் தாராளமாக உட்காரும், உங்கள் நண்பர் சொன்னது அளவைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்த டயர், ஒரு சிறுவனின் எடையை இரண்டு சக்கரங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வண்டிக்கானது. உங்களுடைய வண்டியிலோ உங்கள் எடை, மோட்டார், பேட்டரி, முடுக்கம், பிரேக் அனைத்தும் உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான ஒரே இடத்தின் வழியாகத் தரைக்குப் போகின்றன. மெல்லிய பக்கச்சுவர் ஒரு பள்ளத்தில் மடங்கினால், தாங்கிப் பிடிக்க இன்னொரு சக்கரம் கிடையாது. அதே அளவில் மின்சைக்கிளுக்கென்று செய்யப்பட்ட, தாங்கும் எடை பக்கச்சுவரில் அச்சிடப்பட்ட டயரையே வாங்குங்கள். உங்கள் எடையையும் வண்டியின் எடையையும் கூட்டிய தொகை அந்த எண்ணைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் யூனிசைக்கிளை 20 அங்குலம் என்று விற்றார்கள், ஆனால் டயரில் 2.75-14 என்று இருக்கிறது. அதே அளவு கிடைக்கவில்லை. 80/90-14, 90/90-14 இரண்டும் கிடைக்கின்றன. பெரிய டயர் என்றால் வேகம் கூடும்தானே?
– வாசகர், சென்னை

பதில்: பெரிய யூனிசைக்கிள்கள் பலவற்றில் 14 அங்குல மோட்டார் சைக்கிள் ரிம்மே இருக்கிறது, 20 என்பது வெளிவிட்டம். 80/90-14 என்றால் அகலம் 80 மி.மீ., உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், அதாவது 72 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 144. ரிம்மின் 356 மி.மீ.யைக் கூட்டினால் வெளிவிட்டம் 500. உங்களுடைய 2.75-14 டயரின் வெளிவிட்டம் இதே கணக்கில் ஏறத்தாழ 495 மி.மீ. வருகிறது, ஆகவே இந்த மாற்றம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். 90/90-14 டயரோ 518 மி.மீ.; மேல்பக்கம் வண்டியின் வெளி உறைக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் 11 மி.மீ.யைத் தின்றுவிடும், அகலத்திலும் பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மி.மீ. கேட்கும். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்து, சுற்றிலும் அந்த இடம் இல்லையென்றால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

வேகத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் பாதி உண்மை. கட்டுப்பாட்டுப் பலகை மோட்டார் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே அறியும். ஆலையில் பதிந்த சுற்றளவால் பெருக்கித்தான் வேகத்தைக் காட்டும். ஏறத்தாழ 4.5 சதவீதம் பெரிய டயரைப் போட்டால், 40 கி.மீ. என்று காட்டும்போது உண்மையில் 42 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், வேகம் மீறும்போது வண்டி எழுப்பும் எச்சரிக்கை ஒலியும் அந்த அளவுக்குத் தாமதமாகவே வரும். அதோடு, அதே தள்ளுவிசைக்கு மோட்டார் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டியிருப்பதால், மேட்டில் ஏறும்போதும் சட்டென்று நிறுத்தும்போதும் மோட்டாரின் சக்திக் கையிருப்பு குறைகிறது. நின்று சமநிலை காக்கும் வண்டியில் அந்தக் கையிருப்புதான் உங்களை விழாமல் வைத்திருக்கிறது. அதை மணிக்கு 2 கி.மீ.க்காகக் கொடுப்பது எனக்கு நியாயமாகப்படவில்லை. 80/90-14 வாங்குங்கள், வாங்கும்போது பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்யப்பட்டது. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த டயரை, தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் ஒற்றைச் சக்கரத்துக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: தென்னந்தோப்பு வழியாகச் செம்மண் பாதையில் நான்கு கி.மீ., பிறகு தார்ச்சாலையில் பத்து கி.மீ. போகிறேன். பட்டன் டயர் (ரப்பர் கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் டயர்) போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தூரத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்குத் தேவை சாலை டயர். பட்டன் டயரின் கட்டைகள் இளகிய மண்ணில் நன்றாகப் பிடிக்கும். தார்ச்சாலையிலோ ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைந்து, மழை பெய்த சாலையிலும் வெள்ளைக் கோடுகளின் மீதும் பிடிப்பு நழுவும், இரைச்சல் கூடும், ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறையும்.

இதில் பலரும் கவனிக்காதது டயரின் குறுக்குவெட்டு வடிவம். யூனிசைக்கிளில் ஹேண்டில்பார் கிடையாது. உடலைச் சாய்த்தால் டயர் தன் வளைவின் மீது உருண்டு திரும்புகிறது, அவ்வளவுதான். உருண்டையான டயர் நினைத்தவுடன் சாயும். நடுவில் தட்டையான டயர் நேராகப் போகும்போது உறுதியாக இருக்கும், ஆனால் திருப்பத்தில் முதலில் முரண்டு பிடித்து, பிறகு ஓரத்தைத் தாண்டியதும் ஒரேயடியாகச் சரியும். பட்டன் டயரில் ஓரக் கட்டைகளுக்கும் நடுக்கட்டைகளுக்கும் இடையே பள்ளம் இருப்பதால் இந்த உணர்வு இன்னும் கூடுதல். உங்கள் பழைய டயர் நீங்கள் பழகிய விதத்தில் திரும்பியது என்றால், புதியதிலும் அதே வளைவைத் தேடுங்கள். பூ வேலைப்பாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். தேய்ந்த டயரும் நடுவில் தட்டையாகிவிடுவதால், புது டயர் போட்ட முதல் நாள் வண்டி உங்களைக் கேட்காமலே திரும்புவதுபோல் தோன்றலாம். அது கோளாறு அல்ல.

கேள்வி: பஞ்சர் கடைக்காரர் இந்த வண்டியைத் தொடவே மறுக்கிறார். நானே மாற்றலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: டயர் மாற்றும் வேலையில் அவர் உங்களைவிடத் தேர்ந்தவர், அவர் தயங்குவது மோட்டாரைக் கண்டுதான். ஆகவே சக்கரத்தைக் கழற்றும் வேலையை நீங்கள் செய்து, தனியாக எடுத்துப்போய்க் கொடுங்கள். முதலில் வண்டியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்; 20 செல்களை வரிசையாக இணைத்த பேட்டரி முழுச் சார்ஜில் 84 வோல்ட் வைத்திருக்கும், விளையாட்டு அல்ல. ஒவ்வொரு திருகாணியையும் உறையையும் கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். துளையுள்ள அச்சின் வழியாக மூன்று தடித்த கம்பிகளும் சென்சாரின் மெல்லிய கம்பிகளும் வெளியே வருகின்றன. சக்கரத்தைத் தரையில் சாய்க்கும்போது அந்த முனை அடியில் போய்விடாமலும் கம்பிகள் முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் டயர் எளிதாக ஏறும். காற்றடித்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றியோடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் உட்கார வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி குதிக்கும். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: காற்று எவ்வளவு?
– வாசகர், மதுரை

பதில்: ஏறத்தாழ 2 அங்குல அகல டயருக்கு 35 முதல் 45 பிஎஸ்ஐ, 3 அங்குலத்துக்கு 22 முதல் 32 பிஎஸ்ஐ என்று தொடங்கி, உங்கள் எடைக்கேற்ப இரண்டிரண்டாக மாற்றிப் பாருங்கள். கல் தட்டி ரிம் அடிபட்டால் கூட்டுங்கள், சக்கரம் துறுதுறுவென்று ஆடினால் குறையுங்கள். பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவை எப்போதும் தாண்ட வேண்டாம்.